மைனஸ் ஐம்பத்தொன்றில் நின்ற உன் கல்யாணப் பேச்சு

என் அருமை ராஸ்கலுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஊரப்பாக்கத்தில் போய்ப் பெண் கேட்டீர்களா, பெண்ணின் அப்பா என்ன சொன்னார் என்று கனடாவிலிருந்து கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் கடைசியில்தான் இருக்கிறது. முதல் வரியிலேயே ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுதிவிட்டால் மீதியைச் சட்டைப் பையில் மடித்து வைத்து, அப்படியே சட்டையோடு துவைத்தும் போட்டுவிடுவாய். பத்தாவது மார்க் ஷீட்டையே துவைத்தவன் நீ. அதனால் ஒழுங்காக வரிசையாகப் படி. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் எனக்கு இங்கே தெரிந்துவிடும்.

முதலில் உன் திருட்டுத்தனத்தைப் பேசிவிடுகிறேன். காலேஜுக்குப் போன காலத்தில் நீ தாம்பரத்தில் ஏறி மெட்ராஸ் பக்கம் போகவேண்டியவன். ஆனால் காலையில் எதிர்ப்பக்கம் ஊரப்பாக்கம் வரை போய், அங்கிருந்து வேறு வண்டி பிடித்துத் திரும்பி வருவாய். கேட்டால், "சீட் கிடைக்கும்மா" என்பாய். நானும் பிள்ளை சாமர்த்தியசாலி என்று பக்கத்து வீட்டில் எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா மட்டும் பேப்பரை இறக்காமலே, "அந்த வண்டியில தாம்பரத்துலயே சீட் காலியாத்தான் இருக்கும்" என்றார். ரயில்வேக்காரரை ரயிலை வைத்தே ஏமாற்றப் பார்த்திருக்கிறாய். அந்த சீட்டின் பெயர் விஜி என்று உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அப்பா எப்போதோ தெரிந்துவைத்திருந்தார். சொல்லவில்லை. உன் அப்பாவுக்கு வாய் என்பது காபி குடிக்க மட்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினோம். விஜியின் அப்பா கோதண்டம் ஜிஎஸ்டி ரோட்டின் மேலேயே பெரிய வீடு கட்டியிருக்கிறார். ஒருகாலத்தில் நெல் போட்ட நிலமெல்லாம் இப்போது மனையாகிவிட்டது. வீட்டை ஒட்டி செங்கல், ஜல்லி, சிமென்ட் வியாபாரம், வாசலில் சொந்த லாரிகள். நல்ல மனுஷர். எங்களைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். தட்டில் லட்டும் காராபூந்தியும் வந்தன. விருந்தாளிகளுக்காகவே வாங்கி வைத்த பூப்போட்ட கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வந்தது. அங்கேதான் உன் அம்மா தன் வேலையைக் காட்டினாள்.

என் பிழைப்புதான் உனக்குத் தெரியுமே. மீனம்பாக்கம் டிப்போவில் விமான எண்ணெய் பரிசோதிக்கிறவள். காலையில் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து கண்ணாடி ஜாடியில் பிடித்து, ஒரு சுழற்றுச் சுழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவேண்டும். நடுவில் சுழி விழும். தண்ணீரோ தூசியோ இருந்தால் அந்தச் சுழிக்கு அடியில் வந்து சேர்ந்துகொள்ளும். இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்தானே என்று விட்டால், மேலே குளிரில் அது பனித்துகளாகி எஞ்சினுக்குப் போகிற வடிகட்டியில் போய் அப்பிக்கொள்ளும். எழுபதுகளின் ஆரம்பத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சுழற்றிச் சுழற்றி இந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாமல் போய்விட்டது. வீட்டில் ரசத்தைச் சுழற்றுவேன், பாலைச் சுழற்றுவேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருமல் மருந்தைச் சுழற்றி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பேன். "அம்மா, மருந்து பறக்கப் போகுதா?" என்று கேட்பாய்.

கோதண்டம் வீட்டுத் தண்ணீரையும் சுழற்றினேன். டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியைப் பார்த்தேன். சும்மா இருந்தாலும் பரவாயில்லை, "நல்லா பளிச்சுனு இருக்கு" என்று சான்றிதழ் வேறு கொடுத்தேன்.

விஜியின் அம்மா சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா," என்றார் கோதண்டம், "எங்க வூட்டு தண்ணில பூச்சி கீதா?"

அப்பாதான் வாயைத் திறந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. கல்யாணத்தன்னிக்கு எங்க அம்மா கொடுத்த பாலையே இவ இப்படித்தான் தூக்கிப் பாத்தா." உன் அப்பா ஒரு வருஷத்தில் பேசவேண்டியதை அன்றைக்கு ஒரே மூச்சில் பேசினார். கோதண்டம் முதலில் முறைத்தார், பிறகு சிரித்தார், பிறகு அது என்ன வேலை என்று விசாரித்தார். பெருமைக்குக் கேட்கவேண்டுமா. சீமைக்குப் போகிற விமானமெல்லாம் என் ஜாடியைத் தாண்டித்தான் போகிறது என்கிற மாதிரி அளந்தேன். அளந்து முடித்ததும் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப உங்களாண்டயே கேக்கறேன். என் லாரி டிரைவர் ஒருத்தன் வடக்க பனி மலப் பக்கம் லோடு எத்திகினு போனான். காலைல வண்டி கெளம்பல. டேங்குல டீசல் கூழாட்டம் கட்டிக்கிச்சாம். கீழ துணிய கொளுத்திக் காட்டி, எளக வெச்சி, அப்பால வந்தான். ஏரோபிளேன் அத்தவிட மேல போவுது. அங்க குளிரு எப்டி கீது?"

"ஐம்பது டிகிரிக்கும் கீழ போகும். மைனஸ்ல," என்றேன், கெட்டிக்காரி மாதிரி.

"அப்ப அந்த எண்ணெய் கட்டிக்கினா, மேல எவன் வந்து துணிய கொளுத்திக் காட்டுவான்?"

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தேன், பல நாளாகத் தூங்கவிடாத கேள்வி அது. பையன் யார், குலம் என்ன, சம்பளம் என்ன என்று கேட்பார் என நாங்கள் தயாராகப் போயிருந்தோம். அவருக்கு உன்மேல் எந்தக் குறையும் இல்லை. "புள்ள நல்ல புள்ளதான், ரயில்ல பாத்துக்கீறேன்" என்றார். (அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்திதான்.) ஒரே மகளை, எண்ணெய் உறைந்து நிற்கக்கூடிய ஒன்றில் ஏற்றி அனுப்பமாட்டார். அவ்வளவுதான் விஷயம். "மார்கழில எங்க வூட்டு தேங்கா எண்ணெயே பாட்டில்ல கல்லாட்டம் நிக்கிது, வெய்யில்ல வெச்சாதான் தலைக்கு வெக்க முடியுது. இது ஊரப்பாக்கத்துக் குளிரு. அங்க சொல்லணுமா?"

சும்மா வாயால் சொல்லியிருக்கலாம். நம் ரேஷன் மண்ணெண்ணெய்க்குப் பெரியப்பா மகன்தான் விமான எண்ணெய், ஆனால் குளிர் தாங்குகிற மாதிரி வளர்த்தது என்று சொல்லி முடித்திருக்கலாம். உன் அம்மாவுக்கு அது போதவில்லை. "ஒரு நாள் டிப்போவுக்கு வாங்க சார். கண்ணாலயே பாருங்க" என்றேன்.

மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அடுத்த வாரமே அப்பாவையும் மகளையும் வரவழைத்தேன். கேட்டில் வாட்ச்மேன் கோதண்டத்தின் இடுப்பிலிருந்து பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு பாஸ் கொடுத்தான். திரும்பிப் போகும்போது அதில் என் கையெழுத்து இருந்தால்தான் பீடி கிடைக்கும். "ஜெயிலாட்டம் கீது" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். விஜி நீலப் புடவையில் வந்திருந்தாள். பார்த்ததும் பிடித்துவிட்டது, ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. நானும் மாமியார் ஆகப்போகிறவள் இல்லையா.

சோதனை ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. இரட்டைச் சுவர் உள்ள கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எண்ணெய். அதற்குள் ஒரு தெர்மாமீட்டர், மேலும் கீழும் கலக்க ஒரு பித்தளைக் கம்பி. அந்தக் குழாயை, ஐஸ்கிரீம் வண்டியில் புகைவிடுமே அந்த டிரை ஐஸைப் போட்ட ஆல்கஹாலில் இறக்கவேண்டும். கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும், நிறுத்தக்கூடாது. எண்ணெய் மெல்ல மெல்லக் குளிரும். கோதண்டம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

மைனஸ் பத்து வாக்கில் எண்ணெய் லேசாக மங்கியது. "தோ! கட்டிகிச்சி!" என்று கத்தினார்.

"இல்ல சார், இது எண்ணெய் இல்ல. அதுல கரைஞ்சிருக்கிற துளியூண்டு தண்ணி. இதைக் கணக்குல எடுக்கவே கூடாதுன்னு எங்களுக்கு விதி."

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்லவேண்டும், கோதண்டத்தைக் கொஞ்சம் குனிந்தபடியே நிற்கவிடுவோம். கல்யாணமான புதிதில் ஒரு மங்கல் வரும். எனக்கும் அப்பாவுக்கும் வந்தது. ஒரு நாள் வேலையிலிருந்து வந்தேன். அவர் மூக்கைச் சுருக்கி, "உன்மேல மண்ணெண்ணெய் வாசனை வருது" என்றார். குத்திக்காட்டவில்லை, ஸ்டேஷனில் வண்டி வருகிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். நான் பேச்சை நிறுத்தினேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி பீச் ஸ்டேஷன் வரை போய், சமாதானத்துக்கு ஒரு டஜன் வாசனைச் சோப்பு வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு டஜன்! இதைவிட ஒரு பெண்ணை அவமானப்படுத்த முடியுமா? இன்னும் உறைந்தேன். ஒரு நாள் அவரே குழாயடியில் அந்தச் சோப்பை உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டு, "என்மேல ரயில் வாசனை போச்சா பாரு" என்று கூப்பிட்டார். சிரித்துத் தொலைத்துவிட்டேன். அதனால் ஆரம்பத்தில் மங்கினால் பயப்படாதே. அது தண்ணீர். எண்ணெய் கெட்டுவிட்டது என்று யாருக்கும் தந்தி கொடுக்காதே. ஆனால் தினமும் காலையில் அடிக்குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரை வடித்துவிடு. சேர்த்து வைத்தால்தான் வம்பு.

சரி, குழாய்க்கு வருவோம். மைனஸ் இருபது, முப்பது, நாற்பது. எண்ணெய் தெளிவாகவே இருந்தது. கோதண்டத்தின் முகமும் தெளிந்துகொண்டே வந்தது. "பரவால்லியே, கெட்டிக்கார எண்ணெயாத்தான் கீது" என்றார். நானும் மிதப்பில் கலக்கிக்கொண்டே போனேன். நாற்பத்தேழைத் தாண்டியது. எங்கள் விதிப்படி அதுவரை தாங்கினாலே போதும். ஐம்பதைத் தாண்டியது. விஜிகூடக் கைதட்டினாள். நான் இன்னும் கலக்கினேன்.

இத்தனை வருஷமாகச் செய்கிற சோதனைக்கு என்ன பெயர் என்பதே அந்த நேரத்தில் என் புத்தியில் இல்லை. அது உறையாது என்று காட்டுகிற சோதனை இல்லையடா. எப்போது உறைகிறது என்று பார்க்கிற சோதனை. உறையவைக்காமல் அது முடியவே முடியாது. சம்பந்தியாகப் போகிறவரை வரவழைத்து, பக்கத்தில் நிற்கவைத்து, அவர் எதற்குப் பயந்தாரோ அதையே கண்ணெதிரில் நடத்திக் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன்!

குழாய்க்குள் வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. எண்ணெயில் இருக்கிற மெழுகு படிகமாகிறது. கொஞ்ச நேரத்தில் ரவை உப்புமா மாதிரி ஆகிவிட்டது. கோதண்டம் நிமிர்ந்தார். கத்தவில்லை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

"உன் புள்ளைய நான் ஒண்ணும் சொல்லலம்மா. உன் எண்ணெய்தான் சரியில்ல. விஜி, வா போலாம்."

வெளியே நடந்துவிட்டார். நான் ஓடவேண்டும், ஆனால் ஓடமுடியாது. குழாயை வெளியே எடுத்துவிட்டேன், இனி அது தானாகச் சூடேறும், கலக்குவதை நிறுத்தினால் எல்லாம் வீண். ஒரு பக்கம் உன் வாழ்க்கை கேட்டை நோக்கி நடக்கிறது, இன்னொரு பக்கம் கையில் பித்தளைக் கம்பி. உன் அம்மா கம்பியை விடவில்லை, மன்னித்துக்கொள். கலக்கிக்கொண்டே கழுத்தை நீட்டி, "சார்! கோதண்டம் சார்! இன்னும் முடியல சார்!" என்று கத்தினேன். பக்கத்து அறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

விஜி நகரவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விடுங்க ஆன்ட்டி. எங்கப்பா சினிமாவுக்குப் போனாலும் இன்டர்வலோட எழுந்து வந்துடுவார். அப்புறம் கதை சரியில்லைம்பார்." அப்போது முடிவு செய்தேன், கோதண்டம் என்ன சொன்னாலும் இந்தப் பெண்ணை விடக்கூடாது என்று.

இன்டர்வலில் போனவர் திரும்பி வந்தார். மனம் மாறி இல்லை, பீடிக்காக. கையெழுத்து இல்லாமல் வாட்ச்மேன் தரமாட்டேன் என்றுவிட்டான். பாஸை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "கை வேலையா இருக்கு சார். ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றேன். வேறு வழியில்லாமல் நின்றார். நிற்கிற மனுஷர் எங்கே பார்ப்பார்? குழாயைத்தான் பார்த்தார்.

உப்புமா இளகிக்கொண்டிருந்தது. பெரிய படிகங்கள் போய், சின்னவை போய், கடைசியில் ஒன்றிரண்டு மட்டும் சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு அவையும் காணோம். எண்ணெய் பழையபடி தண்ணீர் மாதிரி நின்றது.

"இப்ப படிங்க சார்," என்றேன்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தெர்மாமீட்டரைப் படித்தார். "மைனஸ் அம்பத்தொண்ணு."

"இதைத்தான் நாங்க எழுதுவோம். எப்ப கட்டுச்சுன்னு இல்ல. கடைசித் துளி எப்ப கரைஞ்சுதுன்னுதான் கணக்கு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜல்லி விலை பேசுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். வெளியே ஐம்பதுக்குக் கீழே என்றால் இறக்கைக்குள் இருக்கிற எண்ணெயும் அப்படியே ஆகிவிடாதா? ஆகாது சார், கீழே ஏற்றும்போது நம்ம ஊர் வெயிலோடுதான் ஏறுகிறது, குளிர மணிக்கணக்காகும். போகிற வேகத்தில் காற்று மோதி இறக்கை கொஞ்சம் சூடாகவே இருக்கும். ரொம்ப தூரம் போனால்? பைலட்டுக்கு எதிரிலேயே எண்ணெயின் சூட்டைக் காட்டுகிற முள் இருக்கிறது. உறைகிற அளவுக்குக் கிட்டே போவதற்கு முன்னாலேயே கொஞ்சம் கீழே இறங்குவார், அல்லது கொஞ்சம் வேகமாகப் போவார். தண்ணீர் பனியாகி வடிகட்டியை அடைத்தால்? எஞ்சினில் கொதிக்கிற மசகு எண்ணெய் ஒன்று ஓடுகிறது, அதன் குழாயை ஒட்டியே இதையும் ஓடவிடுவார்கள், அந்தச் சூட்டை இது வாங்கிக்கொள்ளும்.

"அப்ப துணி கொளுத்தறதுக்கு ஆளு தேவல்ல," என்றார் மெதுவாக. "அதுவே கூட அடுப்ப எத்துகினு போவுது."

"ஆமாம் சார். இறங்கற ஊர்லயெல்லாம் என்னை மாதிரி ஒருத்தி ஜாடியைச் சுழற்றிக்கிட்டு நிப்பா."

அதைக் கேட்டுச் சிரித்தார். நானும் ஜெயித்துவிட்டேன் என்று பாஸில் கையெழுத்துப் போட்டேன். அப்போதுதான் கேட்டார்: "நீங்க எத்தினி தபா போயிக்கீறீங்க?"

"எங்க சார்?"

"ஏரோபிளேன்ல."

உனக்குத் தெரியும் பதில். ரயில்வே பாஸ் இருக்கிற வீட்டில் யார் விமானம் ஏறுவார்கள் என்று ஊருக்குச் சொல்வேன். உண்மை அது இல்லை. பயம். நீ கிளம்பின அன்றைக்கு உன் விமானத்துக்குப் போகிற எண்ணெயை வழக்கத்துக்கு மேலாகவே சுழற்றிப் பார்த்தேன். அது மேலே கிளம்பியபோது டிப்போ சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். இதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. கோதண்டத்திடம் சொன்னேன். அவர் கண் அப்படிக் கேட்டது.

அவர் எழுந்து நின்று துண்டை மடித்தார். "எனுக்கு எண்ணெய் மேல இப்ப பயம் இல்லம்மா. ஆனா ஒண்ணு. கல்யாணம் ஆயி புள்ளைங்க போற பிளேன்ல நீங்களும் ஏறணும். கூடவே போயி, குடித்தனம் வெச்சிக் குடுத்துட்டு வரணும். நீங்க ஏறுனா என் பொண்ணு ஏறும். இல்லாங்காட்டி வாணாம்."

விஜி என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் கெஞ்சவில்லை. தரையைப் பார்க்கவும் இல்லை. நேராகப் பார்த்தாள், அவ்வளவுதான். நீ அந்தப் பக்கம் பனியில் தனியாக இந்தக் கடிதத்துக்குக் காத்திருப்பது நினைவுக்கு வந்தது. என் வாய், என்னைக் கேட்காமலே, "ஏறறேன் சார்" என்றது.

"அப்ப தையில வெச்சிக்கலாம், சம்பந்தியம்மா," என்றார் கோதண்டம்.

போதுமா? இதுதான் பதில். இப்போது குதித்து முடித்திருப்பாய். உட்கார்ந்து லீவுக்கு எழுதிப் போடு. எனக்குத் தடியான கோட்டு ஒன்று பார்த்து வை, நான் நீ விட்டுப்போன அளவில் இல்லை, இரண்டு பக்கமும் கொஞ்சம் தாராளமாகவே வாங்கு. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாயிற்று. அதில் நான் இப்போதே விமானத்தில் இருக்கிற மாதிரி விழிக்கிறேன். அப்பா அந்தப் படத்தை எடுத்துக்கொண்டுபோய் ஸ்டேஷனில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார், கேட்காமலே நாலு பேரிடம் பேசினாராம். பயம் போகவில்லை. ஆனாலும் ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது, அது ஆச்சரியம்.

உன் ஊரில் இறங்கியதும் நான் செய்யவேண்டிய முதல் வேலை கோதண்டத்தைக் கூப்பிட்டு "உறையவில்லை" என்று சொல்வது. சிமென்ட் கடைக்கு எதற்குப் போன் என்று இத்தனை வருஷம் வேண்டாமென்றிருந்த மனுஷர், கனெக்ஷனுக்கு எழுதிப் போட்டுவிட்டு, எக்ஸ்சேஞ்சில் தெரிந்தவர் பின்னாலேயே சுற்றுகிறாராம். விஜி சொன்னாள்: போனை எங்கே வைப்பது என்று கடையில் இப்போதே இடம் பார்த்து, சிமென்ட் மூட்டைகளை நகர்த்திவிட்டாராம்.

ஏறத் துணிந்துவிட்ட,
உன் அம்மா